சுவரில் இருக்கும் மூன்றாவது வரி

போர்ட் கிள்ளான்,
9 அக்டோபர்

அன்பு மகள் வாணிக்கு,

அப்பா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை நானும் அம்மாவும் சௌக்கியம், கிளாஸ்கோ குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். அம்மாவின் வலது முழங்கால் முன்னைக்கு இப்போது தேவலை, ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த பயிற்சியை டிவி பார்த்துக்கொண்டே செய்கிறாள். போன வாரம் பிரிக்பீல்ட்ஸ் போய் உனக்குத் தீபாவளிச் சேலை எடுத்து வந்துவிட்டாள், நீ இந்த வருடம் வரமாட்டாய் என்று தெரிந்தும் ப்ளவுஸ் தைக்கக் கொடுத்திருக்கிறாள், பழைய அளவுதானே என்று என்னைக் கேட்கிறாள், எனக்கென்ன தெரியும். மழை தினமும் மூன்று மணிக்கு மேல் பிடித்துக்கொள்கிறது, கால்வாய் நிரம்பிவிடுமோ என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் மணல் மூட்டை வாங்கி வைத்திருக்கிறார்கள், நாமும் நான்கு மூட்டை வைத்திருக்கிறோம்.

இதெல்லாம் போனிலேயே சொல்லக்கூடிய செய்திதான். ஒவ்வொரு ஞாயிறும் நீ போனில் முகத்தைக் காட்டி, லைப்ரரி எப்படிப்பா போகுது என்று கேட்கிறாய், நானும் நல்லா போகுதும்மா என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதமாக அது பொய். அம்மா பக்கத்தில் நிற்கும்போது எனக்குச் சொல்ல வரவில்லை, தனியாகச் சொல்லலாம் என்றால் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். படித்துவிட்டு உடனே போன் பண்ணாதே, ஒரு நாள் கழித்துப் பண்ணு.

நீயும் உன் கூட்டாளிகளும் இந்தப் பிளாட்டின் கீழ்த்தளத்தில் அந்த அறையைக் கேட்டு வாங்கி, தாடிகா பாலர் பள்ளியில் வேண்டாமென்று ஒதுக்கிய அலமாரிகளைத் துடைத்து நூலகம் ஆரம்பித்தபோது, சுவரில் ஒட்டுவதற்கு ஐந்து வரி எழுதினாய். யாரும் வரலாம், அடையாளக் கார்டு கேட்க மாட்டோம். ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டோம். யார் என்ன படிக்கிறார் என்பதை இன்னொருவரிடம் சொல்ல மாட்டோம். ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு புத்தகத்தை எடுத்துவிட மாட்டோம். புத்தகம் திரும்பி வராவிட்டாலும் அவர் திரும்பி வரலாம். இதை நீ மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியபோது நான் உன்னோடு சண்டை போட்டது ஞாபகம் இருக்கும். துறைமுகக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியை நகர விடாதவன் நான், பெயர் விலாசம் இல்லாமல் என்ன நூலகம் என்று கத்தினேன். நீ வேலை கிடைத்துப் போனபின் சாவி என் கைக்கு வந்தது. நாலு வருடமாக அந்த ஐந்து வரியைப் புதிதாக உதவிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் படித்துக் காட்டுகிறேன். பார்க்கப் பார்க்க எனக்கே அது பிடித்துப்போனது. ஷிப்டு முடிந்து பேப்பர் படிக்க வந்து அப்படியே நாற்காலியில் தூங்கிப்போகிற லோரிக்காரர்கள், பள்ளிக்கூடப் பாடம் எழுத வரும் பிள்ளைகள், மின்விசிறிக்காக மட்டும் வருகிற கிழவர்கள், யாரையும் எதுவும் கேட்காமல் ஒரு கதவு திறந்திருப்பது நல்ல காரியம் என்று புரிந்துகொண்டேன்.

பிப்ரவரியில் ஒரு பெண் வர ஆரம்பித்தாள். முப்பது வயது இருக்கும், பொட்டலம் போடும் பாக்டரியில் காலை ஷிப்டு, நாலு மணிக்கு மேல் வருவாள். கூடவே ஒரு பெண்குழந்தை, நாலு வயதுதான், வந்ததும் செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டுப் பாயில் குப்புறப் படுத்துப் படப் புத்தகம் பார்க்கும். அந்தப் பெண்ணின் பெயரை நான் இதில் எழுதவில்லை, எழுதக்கூடாது என்ற புத்தி இப்போதுதான் வந்திருக்கிறது. முதல் இரண்டு மாதம் தமிழ் வார இதழ்தான் புரட்டுவாள். அப்புறம் ஒரு நாள் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து மெதுவாக, "அங்கிள், சட்டம் பத்தி எதாச்சும் புக்கு இருக்கா? வீட்டு விஷயம், பிள்ள விஷயம் மாதிரி" என்றாள். எந்த அலமாரி என்று காட்டினேன். விவாகரத்து எப்படிக் கேட்பது, பிள்ளை யாரிடம் இருக்கும், அடித்தால் எங்கே போவது என்று எளிய தமிழில் போட்ட புத்தகம் ஒன்று இருந்தது. அதை அவள் வீட்டுக்கு எடுத்துப் போகவே இல்லை. தண்ணீர்க் குடுவைக்குப் பக்கத்து மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சின்ன 555 நோட்டில் எழுதிக்கொள்வாள். முழுக்கைச் சட்டைதான் போடுவாள், அந்த வெயிலிலும். நான் பார்க்காதவனில்லை. ஏன் என்று கேட்கக்கூடாதே என்று விட்டுவிட்டேன், அது சரியா தப்பா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் கிளம்பும்போது நின்று, "அங்கிள், நான் இங்க என்ன படிக்கிறேன்னு யாருக்காச்சும் தெரிய வருமா?" என்று கேட்டாள். நான் சுவரைக் காட்டினேன். மூன்றாவது வரி. "எழுதி ஒட்டியிருக்கோம்மா, யாருக்கும் சொல்ல மாட்டோம்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் சிரித்தாள். அந்தப் பெண் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை ஓர் ஆள் வந்தான். துறைமுகத்து ஆள்கள் போடும் மஞ்சள் மேல்சட்டை, நல்ல உயரம், பேச்சில் அவ்வளவு பணிவு. வந்தவன் முதலில் மேலே மின்விசிறியைப் பார்த்து, "இந்தப் பேன் ஏன் அங்கிள் இப்படிச் சத்தம் போடுது" என்று கேட்டு, நாற்காலி போட்டு ஏறித் திருகாணியை முடுக்கிக் கொடுத்தான். மூன்று மாதமாக என் காதைக் குடைந்த சத்தம் நின்றுபோனது. அப்புறம் உட்கார்ந்து பேசினான். தன் வீட்டுக்காரி நாலு வயதுப் பிள்ளையோடு அடிக்கடி இங்கே வருகிறாளாம், வந்ததிலிருந்து முகத்தில் ஒரு தெளிவு இருக்கிறதாம், அடுத்த மாதம் அவளுக்குப் பிறந்தநாளாம், அவளுக்குப் பிடித்த புத்தகமாகப் பார்த்து வாங்கித் தந்தால் சந்தோஷப்படுவாள், அவள் என்ன படிப்பாள் அங்கிள் என்று கேட்டான்.

வாணி, நான் சொல்லிவிட்டேன். யோசிக்கக்கூட இல்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தேன். "கெட்டிக்காரப் பொண்ணுலா, சட்டமெல்லாம் உக்காந்து எழுதி எழுதிப் படிக்குது" என்று சொன்னேன், நம் நூலகம் எவ்வளவு உபயோகமாக இருக்கிறது என்று காட்டிக்கொள்ளும் ஆசை. அவன் பொருளடக்கத்தைப் பார்த்தான், நடுவில் இரண்டு பக்கம் பார்த்தான். "தேங்க்ஸ் அங்கிள்" என்று புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனான். இந்தப் புத்தகம் எங்கே வாங்கக் கிடைக்கும் என்று அவன் கேட்கவில்லை. அது எனக்கு உறைக்க ஐந்து நிமிடம் ஆனது. வெளியே ஓடிப் போய்ப் பார்த்தேன், மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் யாருமில்லை.

மறுநாள் அவள் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. நம்மிடம் விலாசம் கிடையாது, போன் நம்பர் கிடையாது, அவள் சொன்ன ஒரு பெயர் மட்டும்தான் தெரியும், அதுவும் உண்மைப் பெயரா என்று தெரியாது. பேப்பர் படிக்க வரும் விஜயன், லோரி ஓட்டுகிறவர், நான் கேட்காமலே ஒரு நாள் சொன்னார், எதிர் பிளாக்கில் ஒரு குடும்பம் ராவோடு ராவாகச் சாமான் ஏற்றிப் போய்விட்டது, ரவாங் பக்கம் என்று கேள்வி, சின்னப் பெண்குழந்தை இருந்தது என்று. நான் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த மலாய்க்கார அதிகாரி என்னை உட்கார வைத்து மரியாதையாகத்தான் கேட்டார், முழுப் பெயர் என்ன, கார்டு நம்பர் என்ன, அடித்ததை நீங்கள் பார்த்தீர்களா என்று. அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் என்னால் சொல்ல முடிந்தது. ஒரு புத்தகம் படித்தாள், அப்புறம் வரவில்லை, இதை நான் என்னவென்று எழுதுவது ஐயா என்று அவர் பேனாவை மூடி வைத்தார். அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது.

அம்மாவிடம் பல் டாக்டர் என்று பொய் சொல்லிவிட்டு கொமுட்டர் ரயில் ஏறி ரவாங் போனேன். போய் இறங்கியதும்தான் தெரிந்தது, எத்தனை தாமான் குடியிருப்பு, எத்தனை ஆயிரம் வீடு. தாடிகா விடும் நேரமாகப் பார்த்து ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றேன், குழந்தையைக் கண்டால் அடையாளம் தெரியுமே என்று. மூன்றாவது இடத்தில் பிள்ளையைக் கூட்டிப் போக வந்த ஓர் அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்து, "யாரத் தேடுறீங்க அங்கிள்? ரொம்ப நேரமா நிக்கிறீங்க" என்றாள். தெரிந்த ஒரு பெயரும் உண்மைதானா என்று தெரியாமல் மழையில் ஸ்டேஷனுக்குத் திரும்பி நடந்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மாடியில் பெண்களுக்கு உதவி செய்கிற ஓர் இடம் இருக்கிறது, அதை நடத்தும் சீதாலெட்சுமி என்பவரைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், நான் காட்டிக் கொடுத்ததையும் சேர்த்து. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. ரவாங் போனதைச் சொன்னபோதுதான் முகம் மாறியது. "அங்கிள், இனிமே தேடாதீங்க. வயசான ஒருத்தர் உங்க வீட்டம்மாவக் கேட்டு வந்தாருன்னு யாராச்சும் அந்த ஆள்கிட்டச் சொன்னா, அடி யாருக்கு விழும்?" என்றார். அப்படியானால் நான் என்னதான் செய்வது என்று கேட்டேன். அவர்களுடைய போன் நம்பர் அச்சடித்த சின்னச் சின்ன ஒட்டுத் தாள்களை ஒரு கட்டு கொடுத்தார். பெண்கள் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், அடுத்து வருகிறவளுக்கு ஆகும் என்றார். இவளுக்கு என்ன வழி என்று நான் கேட்டேன். "இவங்களா கூப்பிட்டா நாங்க இருக்கோம்" என்றார். அவ்வளவுதான் வாணி. ஒருத்தியைச் சிக்க வைத்தவனுக்கு அவளைத் தேடிப் போகவும் வழியில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

போன ஞாயிறு நூலகக் கூட்டம், பதினொரு பேரும் வந்திருந்தோம். அந்தப் பெண் வராமல் போனதைப் பற்றி எப்படியோ பேச்சு வந்துவிட்டது. இராஜம்மா, உனக்குத் தெரியுமே, சனிக்கிழமை பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வருவாளே, அவள்தான் எழுந்து, இனி வருகிறவர்களின் பெயர், பிளாக் நம்பர், போன் நம்பர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைப்போம், ஒன்று ஆனால் நாமாவது போய்க் கதவைத் தட்டலாம் என்றாள். நல்ல மனதோடு சொன்னதுதான், எனக்கும் நாலு வருடத்துக்கு முன்னால் அதே கருத்துத்தான். நான் எழுந்து நின்றேன். அவள் என்ன படித்தாள் என்று அவள் கணவனிடம் சொன்னது நான்தான் என்றேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை ஏசவில்லை, ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அந்த நோட்டு அன்றைக்கு மேசையில் இருந்திருந்தால் அவன் என்னைக் கேட்டிருக்கவே வேண்டாம், நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பான் என்றேன். என்னை வேண்டுமானால் மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள், நோட்டு மட்டும் வைக்காதீர்கள் என்றேன். கை தூக்கச் சொன்னபோது ஆறு பேர் நோட்டு வேண்டாம் என்றார்கள், ஐந்து பேர் வேண்டும் என்றார்கள். என்னையும் யாரும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல் கதவைத் திறந்தேன்.

நீ மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாய், உனக்கும் நூறு பேருடைய விஷயம் தெரிந்திருக்கும், அதனால் ஒன்று சொல்கிறேன். அதட்டிக் கேட்கிறவனிடம் நாம் சொல்வதில்லை. அன்பாகக் கேட்கிறவனிடம்தான் வாய் திறந்துவிடுகிறது. அம்மாவைப் பற்றி, மனைவியைப் பற்றி அக்கறையோடு கேட்டால்கூட, வந்து அவர்களையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடு, அவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். எனக்கு அன்றைக்கு அந்த ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் போனது.

கூட்டம் முடிந்து எல்லாரும் போனபின் இராஜம்மாவும் நானும்தான் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தோம். அவளுக்கு என் மேல் கோபம் இல்லை. "நீங்க சொன்னதும் சரிதாண்ணே" என்றாள். அடுத்த நாற்காலியை எடுத்துக்கொண்டே, "ஆனா அந்தப் பொண்ணு இப்ப எப்படிண்ணே இருக்கும்?" என்று கேட்டாள். தெரியாதும்மா என்றேன். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று கையில் நாற்காலியோடு அவள் நின்றாள். நான் குனிந்து அடுத்த நாற்காலியை மடக்கினேன்.

உனக்கு ஒரு குறையும் வராமல், உன்னை நம்பி வருகிறவர்களுக்கு உன்னால் ஒரு தீங்கும் வராமல் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும். தீபாவளி அன்று காலை நம் நேரம் எட்டு மணிக்குள் அம்மாவைக் கூப்பிட்டுவிடு, காத்திருப்பாள், இந்தக் கடித விஷயத்தை அவளிடம் நானே சொல்கிறேன், நீ சொல்ல வேண்டாம். ப்ளவுஸ் அளவை மட்டும் மறக்காமல் அனுப்பு.

என்றும் உன் அன்பு அப்பா,
கமலநாதன்