இல்லாத பையனுக்கு வாங்கிய மானிட்டர்

என் வாலுப் பெண்ணுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, என் முதுகுவலி மூவரும் சுகம். அங்கே நீயும் உன்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த ஜலதோஷமும் எப்படி இருக்கிறீர்கள், வெந்நீர் குடிக்கிறாயா, இல்லை குடிக்கிறேன் என்று சும்மா என் வாயை அடைக்கிறாயா. வாரா வாரம் பேசுகிறோமே, எதற்கு இத்தனை நீளக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். எழுத்தில் என்றால் நீ எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது, கடைசி வரைக்கும் என்னைப் பேச விட்டுத்தான் ஆகவேண்டும்.

விஷயம் இதுதான், உன் அம்மா புது மானிட்டர் வாங்கியிருக்கிறாள். இந்தக் கடிதத்தையே அதில்தான் அடிக்கிறேன். நான் வீட்டு வரைபடம் வரைந்து கொடுக்கிற எங்கள் என்ஜினியரிடமும் அப்பாவிடமும் வேலைக்காக என்று சொன்னேன், அது முழுப் பொய்யும் இல்லை. பழைய மானிட்டரில் நெருக்கமான இரண்டு கோடுகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு தெரியும். அப்படித்தான் போன மாதம் ஒரு வீட்டு வரைபடத்தில் படுக்கையறைக் கதவை நேராக ஒரு தூணில் போய் முட்டும்படி வரைந்து அனுப்பிவிட்டேன். என்ஜினியர் கூப்பிட்டு, ஏம்மா, இந்த வீட்டுல யாரும் தூங்கப் போகக்கூடாதா என்று கேட்டார். இத்தனை வருஷமாக ஊரார் வீட்டுக்கெல்லாம் கதவு ஜன்னல் வைத்துக்கொடுத்தவள் நான், எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மானிட்டர் சரியில்லை சார் என்று சொல்லித் தப்பித்தேன், சரி நல்லதா ஒண்ணு வாங்கிக்கோங்க என்று அவரும் சொல்லிவிட்டார்.

ஆனால் உன்னிடம் மட்டும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் நீ அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் கம்ப்யூட்டரில் சேர்ந்து ஆடுகிறோமே, அந்தச் சுரங்க விளையாட்டில் போன முறை நீ ஒன்று சொன்னாய் ஞாபகம் இருக்கிறதா. அம்மா, ஆபீஸ்ல இருக்கறவங்க அவங்க டீம்ல சேரச் சொல்றாங்க, ஞாயிற்றுக்கிழமைதான் அவங்களுக்கும் தோதுப்படுது, பார்க்கலாம் என்றாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய், நானும் ஓ தாராளமா என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் நீ என்னிடம் என்ன பேசுகிறாய், சாப்பிட்டேன், தூங்கினேன், வேலை இருக்கு, வைக்கிறேன், அவ்வளவுதானே. சுரங்கத்துக்குள் இறங்கிக் கை இரண்டும் கல் உடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் உன் வாய் தானாகத் திறக்கிறது. புது மேலதிகாரி உன்னை மதிப்பதில்லை என்பதும், மத்தியானம் நீ தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்பதும் எனக்குத் தெரிந்தது அங்கேதான். அந்த ஒரு மணி நேரமும் போய்விட்டால் எனக்குச் சாப்பிட்டேன் தூங்கினேன் மட்டும்தான் மிச்சம். அம்மா நத்தை மாதிரி பின்னால் வருகிறாள், எத்தனை நாள்தான் இவளுக்காகக் காத்துக்கொண்டு நிற்பது என்று உனக்குச் சலித்துவிட்டது போல என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நல்ல மானிட்டர் இருந்தால் நானும் டக்டக்கென்று ஓடுவேன், இவள் என்னைக் கழற்றிவிட மாட்டாள் என்று ஒரு கணக்கு. வயதான நடிகர் மீசைக்கு மை அடித்துக்கொள்வது மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளேன்.

கடைக்குப் போவதற்கு முன் நான் செய்த கூத்தைக் கேள். மானிட்டர் எந்தெந்த அளவில் வருகிறதோ அந்தந்த அளவுக்கு அட்டையை வெட்டி மேஜையில் நிறுத்தி வைத்துக்கொண்டு அதன் முன்னால் மவுஸைப் பிடித்து உட்கார்ந்து பார்த்தேன். முப்பத்திரண்டு இன்ச் அட்டைக்குக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது, இருபத்துநாலு சின்னதாகப் பட்டது, இருபத்தேழில் மனசு நின்றது. அப்பா வேலையிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, படம் நல்லா தெரியுதா என்று கேட்டார். அவருக்கு என்ன, நாள் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்துவிட்டு வருகிறவருக்கு வீட்டில் இலவசமாகப் பொழுதுபோக்கு. நான் விடவில்லை, அறை, மேஜை, நாற்காலி, கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரம் எல்லாவற்றையும் அளந்து முறையாக ஒரு பிளானே போட்டேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனால் அங்கே ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், யாருக்கு ஆன்ட்டி, பையனுக்கா என்று கேட்டாள். எனக்குத்தான், விளையாட என்று சொல்ல வாய் வரவில்லை, ஆமாம்மா பையனுக்குத்தான் என்று தலையை ஆட்டிவிட்டேன். உனக்குத் திடீரென்று ஒரு தம்பி பிறந்தது இப்படித்தான்.

அதோடு விட்டாளா அவள். பையன் என்ன மாதிரி விளையாட்டு விளையாடுவான், வேகமா ஓடற மாதிரியா, பொறுமையா தேடற மாதிரியா என்று கேட்டாள். வேகமாத்தான் ஓடணும்னு ஆசைப்படறான், ஆனா கொஞ்சம் மந்தம் என்றேன். இருட்டுல தடுமாறுவானா என்றாள், தடுமாறுவான், ஆனா ஒத்துக்க மாட்டான் என்றேன். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, அப்படியே அவங்கம்மா மாதிரி என்றார். அந்தப் பெண் பாவம், ஒரு நொடியில் எத்தனை முறை படம் மாறினால் கண்ணுக்குத் தேவலை, ஃபோர் கே என்றால் எத்தனை புள்ளி, இருட்டான இடம் சாம்பல் பூத்த மாதிரி தெரியாமல் இருக்க எந்தத் திரை நல்லது என்று விலாவாரியாகச் சொன்னாள். எல்லாம் புரிந்த மாதிரி உம் கொட்டினேன். வளைந்த திரை ஒன்றைக் காட்டினாள், அதில் நான் வரைகிற சுவரெல்லாம் வளைந்து தெரிந்தால் என் பிழைப்பு போச்சு என்று வேண்டாம் என்றுவிட்டேன். கடைசியில் இருபத்தேழு இன்ச் ஃபோர் கேயே எடுத்தோம். விலையைக் கேட்காதே, அப்பாவும் கேட்கவில்லை, பில்லைப் பார்த்துவிட்டு ஒரு தடவை இருமினார், அவ்வளவுதான். கிளம்பும்போது அந்தப் பெண், பையனை ரொம்ப நேரம் விளையாட விடாதீங்க ஆன்ட்டி என்று புத்தி சொல்லி அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்து மேஜையில் வைத்தால் மேலே இருக்கும் புத்தகப் பலகையில் இடிக்கிறது. அத்தனை அளந்தவள் மானிட்டருக்குக் கால் உண்டு என்பதை மறந்துவிட்டேன், அட்டைக்குக் கால் இல்லையே. தூணில் முட்டிய கதவுக்கு அப்புறம் பலகையில் முட்டிய மானிட்டர், என்ஜினியரிடம் சொல்லிவிடாதே. அப்பா பலகையைக் கழற்றிக் கொஞ்சம் உயர்த்தி மாட்டினார். அப்புறம் போட்டுப் பார்த்தால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி அத்தனை சின்னது, படம் வேறு விட்டு விட்டு நகர்கிறது, எங்கும் மங்கல். ஏமாத்திட்டாங்க, ஏமாத்திட்டாங்க என்று குதித்து அந்தக் கடைப் பெண்ணுக்குப் போன் போட்டேன். எழுத்தைப் பெரிசாக்க எங்கே அழுத்த வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, பெட்டியில வந்த கேபிளைத்தானே போட்டீங்க என்று கேட்டாள். நான் எங்கே போட்டேன், புதுசு வீணாகப் போகிறதே என்று பத்திரமாக பீரோவில் வைத்துவிட்டுப் பழைய கேபிளைச் செருகியிருந்தேன். அதை மாற்றிய பிறகும் மங்கல் மட்டும் போகவில்லை. அப்பா கிட்டே வந்து குனிந்து பார்த்து, திரையின் ஒரு மூலையில் நகத்தை வைத்து உரித்தார், மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் முழுசாகக் கையோடு வந்தது. தூசி படாம இருக்கட்டும்னுதான் விட்டேன் என்று அப்போதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. திரையைச் சோதித்துப் பார்க்கலாம் என்று நேற்று சாயங்காலம் நம் சுரங்கத்துக்குள் நான் மட்டும் இறங்கினேன். நீ எப்போதும் முன்னால் ஓடிப் போய்க் குழியில் விழுந்து விழுந்து எழுவாய், நான் பின்னால் ஆடி அசைந்து வருவேன், ஆனாலும் நான் ஒரு தடவைகூட வழி தவறியதில்லை, குழியில் விழுந்ததில்லை. அதில் எனக்கு எத்தனை கர்வம் தெரியுமா. சரியான வழி எதுவோ அந்தப் பக்கம் லேசாக வெளுத்த மாதிரி தெரியும், பிளான் போட்டுப் போட்டு என் கண்ணுக்கு அது பழகிவிட்டது என்று அப்பாவிடம் அளந்திருக்கிறேன், என்ஜினியரிடம்கூட அளந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் ஆளுக்குக் கொஞ்சம் விளக்குதானே தருகிறார்கள், நான் அதில் ஒன்றைக்கூடச் செலவழிக்காமல் பையில் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று உன்னிடமே எத்தனை முறை பீற்றிக்கொண்டிருப்பேன். நேற்று இந்தப் புதுத் திரையில்தான் பார்த்தேன், அந்த வெளுப்பு வெறும் வெளுப்பு இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் தரையோரமாக ஒரு குட்டி விளக்கு. ஆளுக்கொரு நிறத்தில் வளையம் இருக்குமே, எல்லாம் நீல வளையம் போட்ட உன் விளக்கு. ஒவ்வொன்றும் நான் வரும் பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. குழி இருக்கும் இடமெல்லாம் மேலே பலகை. செங்குத்தாக ஏறும் இடத்தில் பிடித்துக்கொள்ளக் கயிறு. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, நாம் போன இடம் எல்லாம்.

நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இருந்த விளக்கையெல்லாம் எனக்கு வைத்துவிட்டால் நீ முன்னால் எதை வைத்துக்கொண்டு போனாய். இருட்டில்தானே போயிருக்கிறாய். அதனால்தானே அப்படி ஓயாமல் விழுந்தாய். நீ விழும்போதெல்லாம் கண்ணை எங்க வெச்சுட்டு நடக்கற, அம்மாவைப் பார்த்துக் கத்துக்கோ என்று உன்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவள் நான். நீ ஒரு தடவையாவது வாயைத் திறந்தாயா, இல்லையே, ஆமாம்மா நீ சூப்பர்மா என்றுதானே சொன்னாய் திருட்டுக் கழுதை. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு விளக்காகப் பார்த்தார். நீ நடந்து வந்தேன்னு நினைச்சுட்டு இருந்தே, அவ உன்னை லிஃப்ட்ல ஏத்திக் கூட்டிட்டு வந்திருக்கா என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. நன்றாகவே அழுதேன், ஒளிப்பானேன். கழற்றிவிடப் போகிறாள் என்று எவளைப் பற்றி நினைத்துப் பொருமினேனோ, அவள் இத்தனை நாளாக என்னைக் கைப்பிடித்து நடத்தியிருக்கிறாள், அது தெரியாமல் நான் வேகமாக ஓடுவதற்கு மானிட்டர் தேடி அலைந்திருக்கிறேன்.

அதனால் கேள். உன் ஆபீஸ்காரர்கள் கூப்பிட்டால் கண்டிப்பாகப் போய் விளையாடு. மத்தியானம் தனியாகச் சாப்பிடுகிறவளுக்கு நாலு பேர் சேர்ந்தால் நல்லதுதான், ஞாயிற்றுக்கிழமையே வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளச் சொல், நாம் வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள மாட்டேன், கொஞ்சம் தூக்கினாலும் அது எனக்கும் அப்பாவுக்கும் உள்ள பிரச்சினை. ஆனால் ஒரே ஒரு நிபந்தனை. அடுத்த முறை நீ என்னோடு வரும்போது, நாம் இன்னும் போகாத அந்தக் கீழ்த்தளத்துக்குப் போவோம். இன்று காலையிலிருந்து நான் தனியாக அங்கே இறங்கி வேலையை ஆரம்பித்துவிட்டேன். இருக்கிற குழியில் எல்லாம் விழுந்தாகிவிட்டது, இரண்டு குழியில் திரும்பத் திரும்ப விழுந்தேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஆ, ஆ என்று எனக்குப் பதிலாகக் கத்தினார். சேர்த்து வைத்திருந்த விளக்கெல்லாம் இப்போதுதான் உபயோகப்படுகிறது. எந்தப் பக்கமாகத் திருப்பி வைப்பது என்று உன்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். கோணலாக வைத்திருந்தால் பொறுத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள். திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாதே. அந்த மேலதிகாரி என்ன சொன்னாலும் நீ யார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் போகப் போகத் தெரியும். எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும், நீ போகும் வழியெல்லாம் நல்லவர்கள் துணை இருக்கட்டும், இது அப்பாவும் நானும் சேர்ந்து மனசாரச் சொல்வது. முக்கியமாக ஒன்று, சுரங்கத்துக்கு வரும்போது பழக்கதோஷத்தில் எனக்கு முன்னால் ஓடிவிடாதே. இனி இருட்டில் நான் போகிறேன், நீ விளக்கைப் பார்த்துக்கொண்டு மெதுவாக வா.

உனக்கு முன்னால் கீழ்த்தளத்தில் விழுந்து எழுந்துகொண்டிருக்கும்,
உன் அம்மா