கூட யாரு?

அக்கா,

இன்று காலை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், பக்கத்து சீட்டு அம்மாள் உப்பு நாரத்தங்காய் டப்பாவைத் திறந்தார். அவ்வளவுதான், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாத்திரை போட்டால் நாக்கு வறளும் என்று உங்கள் பையில் எப்போதும் ஒரு துண்டு கிடக்குமே!

என் காதில் குரல்கள் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. மந்திரிக்கக் கூட்டிப்போன வீட்டாருக்கு ஆஸ்பத்திரிக்கு வர மட்டும் கால் எழவில்லை. சீட்டு எழுதும் ஜன்னலில், "கூட யாரு?" என்று கேட்டார்கள். பின்னால் நின்ற நீங்கள், முன்பின் தெரியாத நீங்கள், "நான்தான் கூட" என்றீர்கள். பிறகு என் வாயில் நாரத்தங்காயைத் திணித்தீர்கள். "ஏட்டி, எனக்கும் இதே சீக்குதான். எம்புட்டு வருசமா மாத்திரை திங்கேன், கெட்டா போயிட்டேன்?" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் உள்ளே வந்தேன்.

எந்த அறைக்குப் போவது, டாக்டரிடம் எதை முதலில் சொல்வது, எல்லாவற்றுக்கும் நீங்கள்தான். "நல்லாருக்கேன்னு மட்டும் சொல்லிராத. தூங்குனியா இல்லையான்னு சொல்லு" என்பீர்கள். கான்சாபுரத்திலிருந்து மகனோடு வரும் தாய்கூட, "கூட வார அக்கா எங்க?" என்றுதான் விசாரிப்பாள். உங்களுக்கும் சீக்கு உண்டென்பதே எல்லோருக்கும் மறந்துபோனது.

அதுதான் வினை. அன்றைக்கும் இதே பஸ்தான். உங்கள் முகம் வெளுத்திருந்தது. "இன்னைக்கு யாருக்குக்கா கூடப் போறிய?" என்றேன். "எனக்கே எனக்குத்தான்ட்டி" என்றீர்கள். கேலி என்று நினைத்துச் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். வன்னியம்பட்டி விலக்கில் நான் இறங்கிவிட்டேன்.

நெஞ்சுவலியாம். வரிசையில் நின்றவர்களும் என்னைப் போலவே, யாரையோ கூட்டி வந்திருக்கிறீர்கள் என்று நினைத்தார்களாம். உங்களை முன்னே விடத் தோன்றவில்லை. டாக்டரைப் பார்க்குமுன் வரிசையிலேயே உயிர் போய்விட்டதாம்.

"தனியா வராதீய" என்று எங்களிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டீர்களே, உங்களுக்கு ஒரு ஆளைக் கூப்பிட ஏன் வாய் வரவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இறங்கியிருப்பேனா? கோபம் கோபமாக வருகிறது அக்கா.

இப்போது வன்னியம்பட்டிப் பெண் ஒருத்திக்கு நான் கூடப் போகிறேன். நான் மாத்திரை வாங்கப் போகும் நாளில் வெட்கப்படாமல் அவளைக் கூப்பிடுகிறேன். இன்று என் முறை. ஜன்னலில் வழக்கம்போலக் கேட்டார்கள். "நான்தான் கூட" என்று அவள் சத்தமாகச் சொன்னாள்.

உங்களுக்காக அதைச் சொல்ல அன்று ஒருத்தரும் இல்லாமல் போனோமே, அக்கா.