எலும்பு வண்டியின் இடது பக்கம்

பிப்ரவரி 4

அன்பும் அறிவும் வாலும் ஒருங்கே வாய்த்த மருமகள் சுண்டுவுக்கு,

அஞ்சல் துறையில் முப்பத்தொரு வருடம் முத்திரை குத்தி, மேசைகளையே பள்ளமாக்கிவிட்டு ஓய்வு பெற்ற உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். நலமாக இருக்கிற பெண் இப்படி ஒரு கடிதம் எழுத மாட்டாள்.

உன் அப்பா அடுத்த மாதக் கடைசியோடு வேலையை விடுகிறார், அவருக்குப் பரிசு தர வேண்டும். சரி. கைக்கடிகாரம் இருக்கிறது, சாய்வு நாற்காலி இருக்கிறது, ஒரு நல்ல சோப்புப் பெட்டி இருக்கிறது. நீயோ, ஐந்து வருடம் முன்னால் காயலான் கடையில் நசுக்கியதும் தெருவே நிம்மதியாக மூச்சுவிட்ட அந்த எலும்பு வண்டியை ஒரு சாண் நீளத்தில் மறுபடி பிறக்க வைக்கிறாயாம். துருவோடு. கறையோடு. பார்த்தாலே நாற வேண்டுமாம். பொய்ப்பல் கட்டிப் பிழைக்கிறவளுக்கு ஏன் இந்த வெறி?

அந்த நாற்றம் உனக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. கசாப்புக் கடைகளில் எலும்பும் கொழுப்பும் உப்புத் தோலும் அள்ளிப் பசை ஆலைக்குக் கொண்டுபோக உன் அப்பா ஓட்டிய பிக்கப் வண்டி அது. தெருமுனையில் திரும்பும்போதே கடைசி வீட்டில் பால் திரிந்துவிடும். பறந்துகொண்டிருந்த காக்கை மயங்கி விழுந்ததை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு காக்கை. அடக்கமாக ஒன்று என்று சொல்ல நினைத்தேன், மனசாட்சி இடம் தரவில்லை.

கேட்டதற்குப் பதில். நிறம், வெளுத்த நீலம். கூரை மட்டும் சுண்ணாம்பு பூத்த மாதிரி இருக்கும். வலது முன்விளக்கு செப்புக் கம்பியால் கட்டப்பட்டது. பின்கதவின் கீழே ஒழுகல் கறை, மூன்று பட்டை. அதன் நிறத்தைச் சொல்லக் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் எழுத வேண்டும், இப்போது சாப்பிட்டுவிட்டேன்.

அந்த வண்டியில் உன் அம்மாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த மகானும் நான்தான், அதையும் உன் மாடலில் எங்காவது பொறித்து வை. ஆலைக்குப் பின்னால் இருந்த வெட்டவெளி மைதானத்தில் நான்கு பாடம் முடிந்தது. கிளம்புவது, நிற்பது, சுற்றி வருவது, மறுபடி நிற்பது. பின்னால் எடுப்பது ஐந்தாம் பாடம். அது வரவே இல்லை. ஏன் என்று உனக்கே தெரியும்.

ஃபோனில் கேட்காமல் கடிதம் போட்டாயே, அதற்காக மட்டும் மன்னிக்கிறேன். ஞாயிறுதோறும் அக்கா வீட்டில் சாப்பிடுகிறவன் நான். என் ஃபோன் அங்கே எல்லார் கையிலும் விளையாடும். ரகசியம் தங்காது.

இப்படிக்கு,
மூக்கைத் தியாகம் செய்த மாமன்


பிப்ரவரி 13

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பல் கட்டும் கூடத்தில் மெழுகு உருக்கிக்கொண்டே படித்தேன். சிரித்த சிரிப்பில் யாரோ ஒருவருடைய கடைவாய்ப்பல் கோணிவிட்டது. அவர் சண்டைக்கு வந்தால் உங்கள் முகவரியைக் கொடுத்துவிடுவேன்.

வண்டி வளர்கிறது. உடம்பு முழுக்க முதலில் துரு நிறம் அடித்தேன். அது காய்ந்ததும், எங்கெல்லாம் பெயிண்ட் உரிந்திருக்க வேண்டுமோ அங்கெல்லாம் ஈரம் தொட்டு உப்புக்கல் தூவி, மேலே நீலம். நீலம் காய்ந்தபின் உப்பைத் தேய்த்து உதிர்த்தால் அடியில் இருக்கும் துரு திட்டுத்திட்டாக எட்டிப் பார்க்கும். நிஜ வண்டியையும் உப்புதானே தின்றது மாமா? ஒழுகல் கறைக்குப் பசையில் பழுப்பு மையும் கொஞ்சம் மஞ்சளும் கலந்தேன். பக்கத்து மேசைக்காரி பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அதுதான் எனக்குப் பாராட்டு.

இனி இடது பக்கம். நம்மிடம் இருக்கிற ஒரே புகைப்படத்தில் முன்பக்கம்தான் தெரிகிறது, அதிலும் பாதியை நீங்கள் பானெட்டில் உட்கார்ந்து மறைத்திருக்கிறீர்கள். அந்த நீளக் கீறலை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் அப்பா எல்லார் முன்னாலும், "எங்கே, உங்கம்மாவோட கையெழுத்து?" என்று கேட்பார். இத்தனை வருடமும் அதற்கு அவர் வைத்த பெயர் அதுதானே.

அம்மாவிடம் கேட்க முடியாது. பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். "எதுல உரசினேன்னே எனக்குத் தெரியலையே, கண்ணை மூடிக்கிட்டா ஓட்டினேன்" என்று இன்னும் அதே வார்த்தை. அதற்காகவே ஸ்டியரிங்கைத் தொடாமல் இருந்துவிட்டாள். எனக்கு அப்போது எட்டு வயது, எதுவும் சரியாக நினைவில்லை. உங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்காது. எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது, எங்கே ஆழம், தகடு எந்தப் பக்கம் சுருண்டிருந்தது, எல்லாம் எழுதுங்கள்.

அன்புடன்,
சுண்டு


பிப்ரவரி 20

கலியுகத் துருச் சிற்பிக்கு,

கேட்டாயே, கேட்க வேண்டிய ஆளிடம். இந்தத் தலைக்குள் பதினோராயிரம் வீட்டு முகவரி இன்னும் வரிசை மாறாமல் இருக்கிறது. ஒரு கீறலா தவறிவிடும்?

எழுதிக்கொள். இடது பக்கம், பின்சக்கரத்துக்கு மேலே தொடங்கும். தொடங்கும் இடத்தில்தான் ஆழம், ஓர் உள்ளங்கை பதிகிற குழி. அங்கிருந்து முன்பக்கமாக இழுத்துக்கொண்டு வந்து, வர வர மெலிந்து, கதவுப் பிடிக்குக் கீழே நூலாக முடியும். சக்கர வளைவின் தகடு முன்னால் பார்த்துச் சுருண்டிருக்கும், காகித ஓரத்தை நகத்தால் சுருட்டின மாதிரி. குழிக்குள் பாசிப் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருக்கும்.

அந்தச் சுருள் இருக்கிறதே, சீ. அதற்குள் என்னவெல்லாம் குடிவந்தது என்று எழுதினால் இந்தத் தாளே சுருங்கிவிடும். கொழுப்பு, ரோமம், ஈக்களின் மூன்று தலைமுறை. ஒரு கோடையில் அதற்குள் வெள்ளையாக ஒன்று நெளிந்தது. குனிந்து பார்த்தேன். அதுவும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் அக்கா வீட்டில் நான்கு நாளுக்கும் சேர்த்து இறங்கியது.

இதையெல்லாம் வரவேற்பறையில் வைத்து அழகு பார்க்கப் போகிறீர்களாம். குடும்பமா இது?

இப்படிக்கு,
வயிற்றைப் பிடித்தபடி மாமன்


மார்ச் 1

மாமாவுக்கு,

கீறலைப் போட உட்கார்ந்தேன். வரவில்லை.

கீறலைக் கையால் வரைந்தால் வரைந்த மாதிரியே தெரியும். அதனால் மேசையில் ஓர் ஆணியை நட்டு, வண்டியின் பக்கவாட்டில் மெல்லிய ஈயத் தகட்டை ஒட்டி, நிஜமாகவே உரசிப் பார்த்தேன். முன்னால் ஓட்டி உரசினால் கீறல் முன்னே ஆரம்பித்துப் பின்னால் போகிறது, தகடும் பின்னால் பார்த்துச் சுருள்கிறது. ஏழு தகடு வீணாயிற்று. உங்கள் நினைவுதான் பிசகிவிட்டது என்று நினைத்தேன். எட்டாவது தகட்டில், சும்மா, வண்டியைப் பின்னால் தள்ளினேன். நீங்கள் எழுதியது அப்படியே வந்தது. ஆழம், மெலிவு, சுருள், எல்லாம்.

அம்மாவுக்குப் பின்னால் எடுக்கத் தெரியாது மாமா. ஐந்தாம் பாடம் வரவே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வெட்டவெளி மைதானத்தில் பச்சைப் பெயிண்ட் அடித்த எதுவும் கிடையாது. அன்று வண்டியைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியது நீங்கள்.

அம்மா இன்று காலையும் இரண்டு பஸ் மாறித்தான் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவுக்குப் போயிருப்பாள். சரியாக ஓட்டத் தெரியாதவள் என்று தன்னையே நம்பிக்கொண்டு.

யார் என்று மட்டும் எழுதுங்கள்.

சுண்டு


மார்ச் 6

சுண்டு,

முதலில் நான்கு பக்கத்துக்கு ஒரு பதில் எழுதினேன். அதில் ஒரு லாரி வந்தது, ஒரு மாடு வந்தது, மழையும் பெய்தது. படித்துப் பார்த்தேன். வாய் கசந்தது. கிழித்துவிட்டேன்.

நான்தான்.

அன்று பழைய சோபா ஒன்று வாங்கினேன். அதை ஏற்றிவர அத்தானிடம் கேட்காமல் வண்டியை எடுத்தேன், அக்காவின் பயிற்சிக்கு என்று சாவி என்னிடம்தானே இருந்தது. சோபா விற்ற கிடங்கின் வாசலில் பச்சை இரும்புத் தூண். பின்னால் எடுக்கும்போது கண்ணாடியில் தூணைப் பார்த்திருக்க வேண்டும். என் தலைமுடி எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வழுக்கை. அந்த மட்டில் கணக்குத் தீர்ந்தது.

மைதானத்தில் இடது பக்கம் சுவரோடு ஒட்டி நிறுத்தினேன். உன் அம்மா வலது பக்கமாக ஏறினாள். மூன்று சுற்று சுற்றினாள், கடவுளே, எவ்வளவு அழகாக ஓட்டினாள். வீட்டு வாசலில் அத்தான் பார்த்துவிட்டார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அத்தான் அன்றைக்கே கத்தி முடித்துவிட்டார். அவளோ, நான் இல்லை என்று சொல்லவில்லை, எதில் உரசினேன் என்று தெரியவில்லையே என்று அழுதாள். அப்புறம் எப்படிச் சொல்வது? ஒரு வாரம் ஆனது. ஒரு வருடம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்று என்று தட்டை நீட்டினேன்.

அந்தச் சுருளுக்குள் நெளிந்ததைப் பற்றி எழுதினேனே. அதை ஏன் நான் மட்டும் குனிந்து குனிந்து பார்த்தேன் என்று நீ கேட்கவில்லை.

உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இடது பக்கத்தைப் பூசிவிடு. வழவழவென்று நீலம் அடித்துவிடு. இந்த வயதில் எனக்கு இருப்பது அந்த ஒரு வீடுதான்.

மாமா


மார்ச் 19

மாமாவுக்கு,

பூச முடியாது. பூசினால் அது அப்பாவின் வண்டி இல்லை.

பொதி உங்கள் முகவரிக்கு வரும். பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறேன், பக்கக் கண்ணாடி மெல்லியது, விரல் படாமல் எடுங்கள். வண்டியில் யார் பெயரும் எழுதவில்லை. 31ஆம் தேதி கூடத்தில் லீவு தர மாட்டார்கள், எனக்காக நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அம்மாவிடம் நானே சொல்லியிருக்கலாம். நீங்கள் சொன்னால்தான் அவள் நம்புவாள்.

சொல்லாமல் கொடுத்துவிட்டு வந்தால், எனக்கு இனி எழுத வேண்டாம்.

சுண்டு


ஏப்ரல் 20

சுண்டுவுக்கு,

இருபது நாளாக எழுதவில்லை. எழுத ஆசை இருந்தது, என் கையெழுத்தைப் பார்க்கத்தான் பிடிக்கவில்லை.

பொதியைப் பிரித்ததும் குமட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், மிகைப்படுத்தவில்லை. ஒரு சாண் வண்டி, பெயிண்ட் வாசனை மட்டும்தான் அடிக்கிறது, ஆனாலும் ஜன்னலைத் திறந்தேன். அந்த மூன்று பட்டைக் கறை. அந்தச் சுருள். பாவி, அதற்குள் ஒரு மயிரிழைகூட வைத்திருக்கிறாய்.

31ஆம் தேதி மதியம் போனேன். மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் தட்டில் பாதி மிச்சம் இருக்கும்போதே, இனியும் தள்ளினால் இன்னொரு வருடம் தள்ளிவிடுவேன் என்று பயந்து, எடுத்து உன் அப்பா கையில் கொடுத்தேன். சொல்ல வேண்டியதை உருப்போட்டு வைத்திருந்தேன். அவர் பேச விடவில்லை. விளக்கைக் கட்டின கம்பியைப் பார்த்து ஆள் குழந்தை மாதிரி சிரித்தார். கூரையைத் தடவினார். அப்புறம் இடது பக்கம் திருப்பினார். சிரிப்பு நின்றது.

"இது ரிவர்ஸ்ல உரசினதாச்சே" என்றார். ஒரு பார்வை, சுண்டு, ஒரே ஒரு பார்வை. பிறகு அவரே, "புள்ள தெரியாம மாத்திப் போட்டுட்டா போல" என்று வண்டியைக் கீழே வைத்தார்.

கதவைத் திறந்து வைத்து, போய்ட்டு வா என்று சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. ஆமாம் அத்தான், சின்னப் பிள்ளை, அதற்கு என்ன தெரியும், அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாய் வரைக்கும் வந்தது. அந்த எச்சிலை விழுங்கிவிட்டுத்தான் சொன்னேன்.

"அவ சரியாத்தான் போட்டிருக்கா அத்தான். நான்தான் இடிச்சேன்."

சோபா, தூண், தலைமுடி எல்லாம் சொன்னேன். உன் அப்பா என்னைத் திட்டவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பொம்மையில் ஒரு நொடியில் கண்டுபிடித்ததை, நிஜ வண்டியில் பதினேழு வருடம் அவர் குனிந்து பார்க்கவே இல்லை. கையெழுத்து என்று பெயர் மட்டும் வைத்தார். அது அவருக்கே உறைத்துவிட்டது. உன் அம்மா பக்கம் அவர் கண் போகவே இல்லை.

அக்கா அழவில்லை. எழுந்து வந்து, கட்டைவிரலால் அந்தக் கீறலைப் பின்னாலிருந்து முன்னால் வரைக்கும் தடவினாள். "இருபத்திரண்டு வருஷம்டா. ரெண்டு பஸ்ஸு" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தச் சுருளுக்குள் நெளிந்ததை நான் ஒரு கோடையில் பார்த்தேனே, அப்படி. என் தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சோற்றோடு தொட்டியில் போட்டாள். அங்கிருந்தே, "ஞாயித்துக்கெழம இனி வராதே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் வீட்ல இருக்க மாட்டேன். டிரைவிங் கிளாஸ்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

மூன்று ஞாயிறாக நானே சமைக்கிறேன். அதைப் பற்றி எழுதினால் எலும்பு வண்டியே தேவலை என்பாய்.

நேற்று அந்தப் பயிற்சித் திடலுக்கு எதிரே, பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். அவளுக்குத் தெரியாது. ஐந்தாம் பாடம் நடக்கிறது. இரண்டு கம்பத்துக்கு நடுவே பின்னால் எடுக்க வேண்டும். மெதுவாக வந்தாள், நேராக வந்தாள், கடைசியில் இடது கம்பத்தில் ஒரு தட்டு. கம்பம் சாய்ந்தது. எனக்கு என்ன ஆனது என்றே தெரியவில்லை, நான்தான் இடித்தேன், நான்தான் இடித்தேன் என்று சொல்லிக்கொண்டே பாதிச் சாலை வரை ஓடிவிட்டேன். ஆட்டோக்காரர் ஒருவர் என் பரம்பரையையே விசாரித்தார்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கினாள். குனிந்து, எதில் உரசினோம் என்று பார்த்தாள். கம்பத்தை நிமிர்த்தி நட்டாள். ஏறி உட்கார்ந்து, மறுபடியும் பின்னால் எடுத்தாள்.

மாமா