முந்தி உடைத்த தேங்காய்

என் கண்ணம்மாவுக்கு, அம்மாவின் ஆசீர்வாதம்.

கென்யாவில் பள்ளிக்கூடத் தொண்டு முடிந்து நீ விமானம் ஏறும் நாள் என்று, நேர்ந்துகொண்ட பன்னிரண்டு தேங்காயையும் பழவங்காடிப் பிள்ளையாருக்கு நேற்றுக் காலையிலேயே உடைத்துவிட்டேன். மத்தியானம் கூப்பிட்டு, "சிங்கம் பார்த்துட்டு நாலு நாள் கழிச்சு வரேம்மா" என்கிறாய்! நீ வீடு சேர்ந்தபின் அல்லவா உடைத்திருக்க வேண்டும்?

அந்த ஊர் நேரத்துக்காகக் கடிகாரத்தில் இரண்டரை மணி கழித்துக் கழித்து, இப்போது காட்டுக்குள் போயிருப்பாய், இப்போது திரும்பியிருப்பாய் என்றே பொழுது போகிறது. "சிங்கம்தான் அவளைக் கண்டு ஓடணும்" என்று அப்பா கேலி செய்கிறார்.

இன்று கோயில் வாசலில் தேங்காய்க்காரர், "மோள் எத்தியோ மாமி?" என்று, மகள் வந்துவிட்டாளா என மலையாளத்தில் கேட்டார். "வந்துட்டாளே!" என்றேன், பிள்ளையாருக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே. அந்தப் பொய்யை வெள்ளிக்கிழமைக்குள் நீதான் நிஜமாக்க வேண்டும். அதுவரை ஜீப்பை விட்டுக் கீழே காலை வைக்காதே.

உன் அம்மா