அரங்கத்தில் இறக்கிய லோடு

தம்பிக்கு,

மேடையை நகர்த்தலாம், நாற்காலிகளை எடுத்துவிடலாம், எந்த நிகழ்ச்சிக்கும் ஏற்றபடி மாற்றலாம் என்று நான் வரைந்து கட்டிய ஊர் அரங்கத்தில், இன்று கூரைவரை உன் பட்டாசுப் பெட்டிகள். தீப்பிடித்தால் ஓடித் தப்ப, நம் பட்டாசு ஆலை அறைகளைப் போலவே நாலு பக்கமும் வெளிப்புறம் திறக்கும் கதவுகள் வைத்தேன். மூன்றைப் பெட்டிகளால் அடைத்திருக்கிறாய்.

காவலாளி முனியராஜைக் கேட்டேன். "சீசன் முடியிறமட்டும் இங்கன இருக்கட்டும்னு மொதலாளி சொல்லிட்டாக. 'நாடகமும் சத்தந்தான, வெடியும் சத்தந்தான'ன்னு சிரிக்காக" என்றார்.

அப்பா கம்பெனியை உனக்கே எழுதிவைத்தபோதும், அரங்கக் கல்வெட்டில் என் பெயரை நீ விட்டுவிட்டபோதும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறன்று பள்ளிப் பிள்ளைகள் அங்கே ஒத்திகைக்கு வருகிறார்கள். அதற்குள் லோடை எடு. இல்லாவிட்டால் தாசில்தாரிடம் போவேன்.

ஆபத்து ஒன்றுமில்லை என்று என்னிடம் சொல்லாதே. உன் மகளை மட்டும் ஒத்திகைக்கு அனுப்ப மாட்டேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டாயாமே.

அவளுடைய பெரியப்பா