தினமும் திறந்து பார்த்த டிரம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே விதைப்பயறு நீங்கலாக எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கலாம் என்றால் நாலு வாரமாக என் போனை எடுக்கமாட்டேன் என்கிறாய், அதனால்தான் காகிதத்தைத் தேடி எடுத்தேன். கோபம் எதற்கென்று தெரியாமல் இல்லை. "ஏழு வருஷம் ஆராய்ச்சி பண்ணி வண்டுக்கு சென்ட் அடிக்கத்தான் கத்துக்கிட்டியா" என்று நான் கேட்டது எனக்கும் நினைவிருக்கிறது.

நடந்ததைக் கேள். விதைப்பயறில் வண்டு விழாமல் இருக்க நீ அனுப்பிய கிராம்பு எண்ணெயைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்தது, விரல் உயரத்துக்கு ஒரு பாட்டில். அதில் நனைத்த பஞ்சை மூடியின் உள்பக்கம் கட்டி, டிரம்மை இறுக மூடி, நாற்பது நாள் திறக்காமல் வை என்று நீ எழுதிய சீட்டைப் பூச்சிமருந்துக் கடைக்காரரிடம் காட்டினேன். "பல்வலிக்கு வேணா தடவிக்குங்க" என்றார். போன வருஷம் அந்த ஆள் கொடுத்த பொடியில் வண்டுகள் கொழுத்ததுதான் மிச்சம், அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன் பார். உங்கப்பாவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பஞ்சைக் கட்டச் சொன்னால் நூல் எங்கே என்பார், நூலைக் கொடுத்தால் கத்தரிக்கோல் எங்கே என்பார். ஒருவழியாக ஒரு டிரம்மை மூடி முன்னறையில் வைத்தார், அன்றிலிருந்து அதன்மேல் உட்கார்ந்துதான் செருப்பு மாட்டுவது, பேப்பர் படிப்பது எல்லாம். உள்ளே என்ன இருக்கிறது என்பதே மறந்திருக்கும். நான் அப்படி இருக்க முடியுமா? அடுத்த விதைப்புக்கு நம்மிடம் இருந்ததே அந்த இரண்டு டிரம் தட்டைப்பயறுதான். நானே பஞ்சு கட்டிச் சமையலறையில் வைத்த என் டிரம்மைத் தினமும் காலையில் திறந்து, கையைவிட்டுத் துழாவி, எத்தனை வண்டு செத்தது என்று பார்ப்பேன். பத்தாம் நாள் வாசனையே போய்விட்டது. இருபதாம் நாள் வண்டு அரித்த மாவு கையில் ஒட்டியது. அன்றைக்குத்தான் உன்னிடம் அப்படிப் பேசினேன்.

போன வாரம் நாற்பது நாள் முடிந்தது. என் டிரம்மைக் கவிழ்த்தால் ஓட்டை விழாத பயறைத் தேட வேண்டியிருந்தது. சேர்த்தே திட்டிவிடலாம் என்று உங்கப்பாவை எழுந்திருக்கச் சொல்லி அவருடையதையும் திறந்தேன். நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேலே பத்துப் பன்னிரண்டு வண்டுகள் மல்லாந்து கிடந்தன, பயறு போட்டது போட்டபடி. எண்ணெய் முளையையாவது கெடுத்திருக்கும் என்ற கடைசி நம்பிக்கையில் ஐம்பது பயறை ஈரத்துணியில் முடிந்து வைத்தேன், நாற்பத்தாறு முளைத்துவிட்டது. "சீட்டுல மூடி வைன்னு இருந்துச்சு, மூடி வச்சேன்" என்கிறார் உங்கப்பா. உட்கார்ந்தது தவிர இவர் என்ன செய்தார்? அந்தப் பெருமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எண்ணெய் ஆவியாகித்தான் வண்டைக் கொல்லும் என்று நீ எழுதியிருந்தாய். அந்த ஆவியைத் தினமும் வெளியே அனுப்பியது நான். பாதி விதையை வண்டுக்குக் கொடுத்துவிட்டு, பழியை உன் படிப்பின் மேல் போட்டேன். தப்பு என்னுடையதுதான். ஆனாலும் உன் ஆராய்ச்சியில் ஒரு வரி சேர்த்துக்கொள்: வீட்டில் இருப்பவர்கள் திறந்து பார்க்காமல் இருக்கமாட்டார்கள். உங்கள் லேபில் இருக்கும் மேதாவிகளுக்கு இதெல்லாம் தோன்றாது.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. எண்ணெய் தீர்ந்துவிட்டது, இன்னொரு பாட்டில் அனுப்பு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். மிஞ்சிய நல்ல விதைக்கு, இருந்த கடைசிச் சொட்டு எண்ணெயில் புதுப் பஞ்சை நனைத்துக் கட்டி மூடிவிட்டேன். விதைப்புக்கு இன்னும் நாற்பது நாள். உங்கப்பா மேலே உட்கார்ந்திருக்கிறார், நான்தான் உட்காரச் சொன்னேன். போனில் உன் குரல் "திறம்மா" என்று சொல்கிறவரைக்கும் அவரை எழுப்பப் போவதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா