ஆறிலிருந்து ஆறரை வரை அம்மா கிடையாது

ஜூன் 9, திங்கள்

பென்னலூர், தண்ணீர்த் தொட்டித் தெரு, கடைசி வீட்டின் தலைமையகத்திலிருந்து வெளியாகும் முக்கிய அறிவிப்பு: இன்று முதல் தினமும் மாலை ஆறு முதல் ஆறரை வரை இவ்வீட்டில் அம்மா சேவை நிறுத்தி வைக்கப்படுகிறது. அந்நேரத்தில் பசி, சண்டை, காணாமல்போன சாக்ஸ் குறித்த மனுக்கள் ஏற்கப்படமாட்டா. இப்படிக்கு, பாதிக்கப்பட்ட ஒரே மகன் இளம்பரிதி, பதினொன்றாம் வகுப்பு.

காமெடி இல்லை, நிஜம். அம்மா வேலை செய்யும் ஒரகடம் கம்பெனியில் நாற்பது தாண்டிய எல்லாருக்கும் செக்கப். அம்மாவுக்கு பிரஷர் எகிறிக் கிடக்கிறதாம். "மாத்திரைக்கு முன்னாடி ஒரு மாசம் பழக்கத்த மாத்திப் பாருங்க" என்றாராம் டாக்டர். உப்பைக் குறை, நட, நேரத்துக்குத் தூங்கு. சரி. கடைசியாக ஒன்று: தினம் அரை மணி நேரம் யாரும் கூப்பிடாத இடத்தில் உட்கார்.

அது என்ன வைத்தியம்? கூப்பிடுகிற ஒரே பிள்ளை நான். அப்போ நோய் நானா?

ஆறு மணிக்கு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். போனைக் கீழேயே வைத்துவிட்டாள். பைபிள்கூட எடுக்கவில்லை.

"மேல போயி இன்னாம்மா பண்ணப் போற?"

"சும்மா குந்தப் போறேன்."

சும்மாவா! பிறந்ததிலிருந்து என்னை "சும்மா இருடா, சும்மா இருடா" என்று அடக்கியவள், அந்தச் சும்மாவை மொத்தமாகத் தானே எடுத்துக்கொண்டாள். பெயர் மெர்சி. கருணை துளியும் இல்லை. என் பெயரில் பரிதி இருக்கிறது. இன்றிலிருந்து நான் பரிதாபம்.

ஜூன் 10

சாம்பாருக்கும் உப்புக்கும் டைவர்ஸ்.

ஜூன் 11

அப்பா காப்பாற்றினார். கம்பெனி வேன் ஓட்டுகிறவர். இன்று சாயங்கால டிரிப். ஆறேகாலுக்குப் படிக்கட்டில் நின்று, "மெர்சி, என் காக்கி பேன்ட் எங்க?" என்று ஒரு சத்தம். அம்மா இறங்கி வந்து கொடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அப்பா நின்றதே அந்தக் கொடிக்குக் கீழேதான்.

டாக்டர் திட்டம் மூன்றாம் நாளே மண்ணைக் கவ்வியது. வாழ்க என் அப்பா யாக்கோபு!

ஜூன் 13, வெள்ளி

வாழவில்லை. நேற்று அப்பா வீட்டில் இல்லாததால் அம்மா முழு அரை மணியும் உட்கார்ந்தாள். பொறுக்கமுடியுமா? எழுதி வைக்கிறேன்: இளம்பரிதி நினைத்தால் இறங்கி வராத அம்மா இந்த உலகத்தில் இல்லை.

மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் இசக்கிபாண்டி அண்ணனைக் கூட்டுச் சேர்க்கப் பார்த்தேன். திருநெல்வேலிக்காரர், டயர் கம்பெனி. "எலே, அக்கா செத்த நேரம் சும்ம இருந்தா ஒனக்கு எங்கல குத்துது?" என்று கதவைச் சாத்திவிட்டார். துரோகி.

தனி ஆளாக இறங்கினேன். 'அம்மா' என்று கூப்பிடக்கூடாது, அவ்வளவுதானே சட்டம்? விசில் அடிக்கலாமே. படிக்கட்டு நடுவில் நின்று குக்கர் மாதிரி ஒரு விசில். அச்சு அசல். மூன்றாவது விசிலுக்கு அம்மா தடதடவென்று ஓடிவந்தாள். அடுப்பில் குக்கரும் இல்லை, நெருப்பும் இல்லை. பிரஷர் உள்ள அம்மாவை பிரஷர் குக்கரை வைத்தே இறக்கிய ஒரே ஆள் நான்தான்!

அடி விழும் என்று ஓடத் தயாராக நின்றேன். விழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள். மூச்சு இரைத்தது. முகம் சாம்பல்.

"கம்பெனி லைன்ல ஒண்ணுக்கு வந்தாக்கூட ரிலீவர் ஒருத்தி வந்து என் எடத்துல நின்னாத்தான் நான் நகர முடியும். ஆனா வருவாடா, கேட்டா வந்து நிப்பா. இந்த வூட்டுல எனக்கு யாரு வரா?"

அவ்வளவுதான். எழுந்து போய் வெங்காயம் உரித்தாள்.

சே. திட்டியிருக்கலாம்ல? திட்டித் தொலைச்சிருக்கலாம்ல!

ஜூன் 14

யார் மேல் கோபம் என்று தெரியாமலே நாள் முழுக்கக் கோபம்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று தெரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் ஆன்ட்டி சரியாக ஆறு பத்துக்கு வந்து, "இன்னாடா, உங்கம்மா டெய்லி மாடில மோட்டுவளையப் பாத்துகினு குந்திகினு கீறா? பேய் கீய் புடிச்சிக்கிச்சா?" என்றது. மாடியில் மோட்டுவளை ஏது என்றுகூட யோசிக்கவில்லை.

எனக்கு வந்ததே ஆத்திரம்! அவங்க வீட்டுக்காரர் ராத்திரி முழுக்க மாடியில் பாட்டிலோடு கிடந்தால் அதற்குப் பெயர் காற்று வாங்குவது. எங்கம்மா வெறும் காற்றை வாங்கினால் பேயா? விடியும் முன்னே கம்பெனி பஸ் ஏறி, பூதக்கண்ணாடி வழியாக நாளெல்லாம் சர்க்யூட் போர்டு பார்த்துவிட்டு வருகிறவள், கொஞ்ச நேரம் தூரத்தைப் பார்க்கக்கூடாதா?

"ஆன்ட்டி, அவங்க எடத்துல இப்ப நான்தான் ரிலீவர். இன்னா வோணும், சொல்லு."

கறிவேப்பிலை வேண்டுமாம். கொடுத்தேன். கிளி பறந்தது. தெரு முழுக்கப் பறந்திருக்கும்.

ஜூன் 18

ஆறு மணியிலிருந்து படிக்கட்டில் காவல். அப்பாவின் செருப்பு, டார்ச், லைசென்ஸ் மூன்றையும் நானே எடுத்துக் கொடுத்தேன். "நீ இன்னாடா செக்யூரிட்டியா?" என்றார். "ஆமாப்பா. மேல போகணும்னா ஐடி கார்டு காட்டு."

முறைத்தார். ஆனால் அம்மாவைக் கூப்பிடவில்லை.

ஜூன் 21, சனி

அம்மா போனுக்கு அவள் சூப்பர்வைசர் ராஜசேகர் சார். நாளைக்கு ஓ.டி. வேலைக்கு வரச் சொல்ல.

"அம்மா சும்மா கீறாங்க சார்."

"சும்மாதான இருக்காங்க? போனக் குடுப்பா."

"இல்ல சார், சும்மா இருக்கறதுல பிஸியா கீறாங்க."

கட் பண்ணிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையையும் கேட்கிற மனிதருக்கு ஒரு அரை மணி காத்திருக்கத் தெரியாதா? சர்ச்சுக்குப் போகிற நாளையாவது விட்டு வைக்கமாட்டார்களா? ஆறரைக்கு இறங்கி வந்தவளிடம் சொன்னேன். பயந்துபோவாள் என்று பார்த்தால், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளே போன் போட்டு, "நாளைக்கு முடியாது சார்" என்றாள்.

முடியாது. அந்த வார்த்தை அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

ஜூலை 9, புதன்

கம்பெனி டாக்டர் நேற்று மறுபடி பார்த்தாராம். பிரஷர் இறங்கியிருக்கிறது; இன்னும் ஒரு மாசம் இப்படியே போகட்டும், மாத்திரை அப்புறம் பார்ப்போம் என்றாராம். பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்: "டாக்டர் இன்னாடா டாக்டர், நான் படிக்கட்டுல நின்னேன், பிரஷர் இறங்கிச்சு. என்னத் தாண்டி ஒரு சத்தம் மேல போவல!"

ஜூலை 10

ஒரு சத்தம் போயிருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் காவலுக்கு உட்கார்ந்தவன், படியிலேயே தூங்கிவிட்டேன். இந்த நோட்டுக்கு மட்டும் சொல்கிறேன்: தூக்கத்தில் "அம்மா, அம்மா" என்று கத்தினேனாம். இசக்கிபாண்டி அண்ணன் குளித்துக்கொண்டிருந்தவர், துண்டோடு ஓடிவந்தாராம். இன்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

"அம்மா ஓடி வந்தாங்களா?" என்று கேட்டேன்.

"அக்காவா? நாக்காலிய விட்டே எந்திரிக்கலியே. அங்கனேருந்தே, 'இன்னும் பத்து நிமிசம் கீதுடா'ன்னு சொன்னாவ. நீயும் 'ம்' ன்னுட்டுத் தூங்கிட்ட."